பாறசாலை வாசகசாலையில் என் துண்டறிக்கை

எல்லையைக் கடந்தபோது நான் நல்ல நித்திரையில் இருந்தேன்.

திருவனந்தபுரத்தில் பஸ் ஏறும்போதே கண்டக்டரிடம் பாறசாலையில் இறக்கிவிடச் சொல்லி இரண்டு தடவை கேட்டிருந்தேன். மெல்பேணில் இருந்து வந்து ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை. நெய்யாற்றின்கரையில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக ஏறியது நினைவிருக்கிறது. கண் விழித்தபோது கடைப் பலகைகளில் மலையாளம் போய்த் தமிழ் வந்திருந்தது. பதறி எழும்பினேன். "பாறசாலை போயே போய்விட்டது சேச்சி. நான் மூன்று முறை கூப்பிட்டேன்" என்றார் கண்டக்டர் மலையாளத்தில். "இது களியக்காவிளை. தமிழ்நாடு." அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. இப்படி ஒருத்தராவது தினமும் மாநிலம் மாறிப் போவாராம்.

பெட்டியோடு இறங்கி நின்று சிரித்தேன். நான் வாழும் நாட்டில் சப்பாத்தில் ஒட்டிய மண்ணைக்கூட விமான நிலையத்தில் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். இங்கே நான் முழுசாக நித்திரையில் போய் வந்திருக்கிறேன். இரு மாநிலங்களுக்கு நடுவே உள்ள கோடும் இரு நாடுகளுக்கு நடுவே உள்ள கோடும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாழ்க்கையில் ஒரு எல்லையையாவது இப்படிக் கடந்தேனே என்று சந்தோஷமாக இருந்தது. சாயாக்கடையில் ஒரு ரசவடை தின்றேன். பருப்பு வடையை ரசத்தில் ஊறப்போட்டுத் தருகிறார்கள். கரண்டி பட்டதும் உடைகிறது. பிறகு ஆட்டோ பிடித்துக் கேரளத்துக்குத் திரும்பினேன்.

நான் போனது ஒரு சின்ன வேலைக்கு. மெல்பேணில் நான் ஆஸ்பத்திரிகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். அங்கே ஒரு வார்டில் நர்ஸாக இருக்கும் ஷீபாவுக்கு ஊர் பாறசாலைப் பக்கம். சென்னையில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொன்னதும், காது கேட்கும் கருவி ஒன்றைக் கையில் தந்து, "எங்க அப்பாகிட்ட குடுத்துட்டு வாறியளா அக்கா? பார்சல்ல அனுப்புனா அவரு திறந்தே பாக்க மாட்டாரு" என்றாள். குடுத்துவிட்டு மறுநாளே திரும்புவதாகத்தான் திட்டம். ஐந்து நாள் தங்கிவிட்டேன்.

ஷீபாவின் அப்பா தேவதாசனுக்கு எழுபதைத் தாண்டிய வயது. எல்லையோர செக்போஸ்ட் ஒன்றில் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய மிஷன் சபைக் குடும்பம். வீட்டில் தமிழ், கேட்டுக்கு வெளியே மலையாளம், ஜெபத்துக்குத் திரும்பவும் தமிழ்.

"வாங்க மக்கா, வாங்க. ஷீபா விளிச்சு சொன்னா. பஸ்சுல உறங்கி களியக்காவிளை வரை போயிட்டியளாக்கும்!"

அவர் மனைவி ரோஸ்மேரி அக்கா மரச்சீனியும் சாளைக் கறியும் வைத்திருந்தார். வேகவைத்த கிழங்கில் தேங்காயும் காந்தாரி மிளகாயும் சேர்த்து உடைத்து, மேலே சிவந்த மீன் குழம்பை ஊற்றினார். யாழ்ப்பாணத்தில் நாங்களும் மரவள்ளி தின்று வளர்ந்தவர்கள்தான். ஆனால் அதைச் சோறில்லாத நாளின் சாப்பாடாகவே நினைத்திருந்தோம். இங்கே அது விருந்தாளிக்கு வைக்கும் சாப்பாடு. நான் மூன்றாம் முறை கேட்டு வாங்கினேன்.

கருவியைக் காதில் வைத்ததும் தேவதாசன் முதலில் நிமிர்ந்து விசிறியைப் பார்த்தார். "இந்த ஃபேன் இவ்வளவு சத்தம் போடுமா?"

"பத்து வருசமா நான் சொல்லுதேன்" என்றார் ரோஸ்மேரி அக்கா.

அப்போது வெளியே மதிலுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். முகத்தில் நீலப் புள்ளிகள்.

"நீங்கள் யாழ்ப்பாணமோ அக்கா? கதைக்கிறதில தெரியுது."

அப்படித்தான் யோகனைச் சந்தித்தேன். பத்து வயதில் பெற்றோருடன் மன்னாரில் இருந்து வந்தவர். கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள அகதி முகாம் ஒன்றில் வளர்ந்து, அங்கேயே கல்யாணம் செய்து, ஒரு பெண் பிள்ளையைப் பெற்றவர். தினமும் எல்லை தாண்டி இந்தப் பக்கம் பெயிண்ட் வேலைக்கு வந்து போகிறார். முப்பது வருடத்துக்கு மேலாகியும் அவருடைய தமிழ் பாதி மன்னாரிலும் பாதி விளவங்கோட்டிலும் நின்றது. நான் ஆஸ்திரேலியாவில் இருந்து வருகிறேன் என்றதும் அவர் முகம் மாறியது. என்ன மாற்றம் என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை.

"சனிக்கிழமை நீங்க இருக்கணும்" என்றார் தேவதாசன் திடீரென்று. "வாயனசாலையில சம்வாதம் உண்டு. யோகன் குடுத்த தலைப்பு. ஆஸ்திரேலியாவுல இருந்து ஒரு ஆளு வந்து நேரா சொன்னா எப்படி இருக்கும்!"

வாயனசாலை என்று அவர்கள் சொல்வது ஊர் நூலகத்தை, சம்வாதம் என்பது விவாதத்தை. பாறசாலைக்கும் குளத்தூருக்கும் இடையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடு போட்ட கட்டிடம். மறுநாள் காலை நடந்து போய்ப் பார்த்தேன். லுங்கியில் நான்கு பேர் உட்கார்ந்து நான்கு பத்திரிகைகளை வாசித்து, ஒருவரோடொருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் மெல்பேண் நூலகத்தில் யாராவது இருமினால் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே வாசிப்பதே சண்டை போடுவதற்குத்தான் போலிருந்தது. வாசலில் கரும்பலகை. மலையாளத்திலும் அதற்குக் கீழே தமிழிலும் எழுதியிருந்தது: அபயம் தேடி வருவோரைத் தடுக்க அரசுகள் போடும் தடைகள் பலன் தருமா? சனி, மதியம் இரண்டு மணி.

"எப்பவும் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் நடத்துவோம்" என்றார் நூலகச் செயலாளர் லதா. டியூஷன் வகுப்புகள் நடத்துகிறவர். மலையாளத்தில்தான் பேசினார், எனக்கு முக்கால்வாசி விளங்கியது. "அந்த நேரத்தில் யோகனும் அவர் மகளும் முகாமில் இருக்க வேண்டும், ஆள் கணக்கெடுப்பார்கள். அதனால் இந்த முறை மதியம்." ஊர் முழுவதும் மதிய உறக்கத்தை ஒத்திவைத்திருக்கிறது என்பதை அவர் ஒரு செய்தி போலத்தான் சொன்னார். நான் அதை அப்படிக் கேட்கவில்லை. அகதிகளுக்காக நேரத்தை மாற்றிய ஒரு கூட்டத்தை நான் முதன்முதலாகப் பார்க்கப்போகிறேன்.

வெள்ளிக்கிழமை ரோஸ்மேரி அக்கா என்னைப் பூவாருக்குக் கூட்டிப்போனார். காலையில் புட்டும் பயறும் பப்படமும். மூன்றையும் சேர்த்துக் கையால் நொறுக்கிப் பிசைய வேண்டும். கரண்டி கேட்ட என்னைப் பார்த்து அவர் சிரித்தார். போன பஸ் பாதி வழியில் டயர் பஞ்சராகி நின்றது. இறங்கி நின்ற எல்லோரும் டிரைவருக்கு யோசனை சொன்னார்கள். பத்து நிமிடத்தில் அவர்களில் இரண்டு பேர் ஜாக்கியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பூவாரில் நெய்யாறு கடலுக்குள் போகும் முன் ஒரு மணல் திட்டுக்குப் பின்னால் தயங்கி நிற்கிறது. ஆற்றுக்குள் சுற்றுலாப் படகுகள். எங்கள் படகோட்டி முன்பு ஆழ்கடலுக்குப் போனவராம். முதலில் கண்டல் செடிகளையும் நீர்க்காகத்தையும் காட்டினார். மணல் திட்டுக்கு அருகே வந்ததும், திட்டுக்கு அந்தப் பக்கம் வெடிக்கும் அலையைக் காட்டி, "இந்தக் கரைகளில் இருந்து ஒரு காலத்தில் முகாம் ஆட்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறோம் என்று படகு ஏறியிருக்கிறார்கள்" என்றார். "நாங்கள் போவது மீனுக்கு. வலை நிறைந்தால் திரும்பி விடுவோம். திரும்ப இடம் இல்லாமல் கடலுக்குப் போவதை என்னால் நினைக்கவே முடியவில்லை." நான் எங்கிருந்து வருகிறேன் என்று அவருக்குத் தெரியாது. ரோஸ்மேரி அக்கா சொல்ல வாயெடுத்தார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு வாசகசாலை நிரம்பி, ஜன்னல்களுக்கு வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். மேசைக்கு இந்தப் பக்கம், தடைகள் பலன் தரும் என்று பேச வந்த இரண்டு பேர்: யோகனும், பாலராமபுரத்தில் சேலைக் கடை வைத்திருக்கும் சுகுமாரனும். அந்தப் பக்கம், பலன் தராது என்று பேச தேவதாசனும் கவிதாவும். கவிதா யோகனின் மகள். இருபத்து மூன்று வயது. நர்ஸிங் முடித்தவள். அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள். முகாமில் இருந்து ஒரே பஸ்சில்தான் வந்திருப்பார்கள்.

முதலில் என்னைச் சட்டத்தை விளக்கச் சொன்னார் லதா. நான் தெரிந்ததைச் சொன்னேன். விசா இல்லாமல் படகில் வருகிறவர்களை ஆஸ்திரேலியா தன் மண்ணில் குடியேற விடுவதில்லை. படகுகளைத் திருப்பி அனுப்புகிறது, அல்லது ஆட்களை வேறு தீவுகளுக்கு அனுப்புகிறது. அதற்குப் பிறகு படகுகள் வெகுவாகக் குறைந்தன, கடலில் சாவது நின்றது என்கிறது அரசு. தீவுகளில் வருடக்கணக்காக மாட்டிக்கொண்டவர்களின் மனம் சிதைந்தது, ஆபத்து வேறு பாதைக்கு மாறியதே தவிர நிற்கவில்லை என்கிறார்கள் எதிர்க்கிறவர்கள். இரண்டையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

சுகுமாரன் மலையாளத்தில் பேசினார். நிதானமான மனிதர். கடைக்கு வருகிறவரிடம் பேசுவதுபோல ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துப் பேசினார். "வீடு என்றால் கதவு இருக்கும். யார் வரலாம் என்று சொல்லும் உரிமை வீட்டுக்காரனுக்கு இல்லையென்றால், நாளைக்கு அவன் யாரையும் உள்ளே அழைக்கவே பயப்படுவான். முகாம்களில் பொறுமையாக வரிசையில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். படகில் வருகிறவனுக்கு இடம் கொடுத்தால் அந்த வரிசையில் நிற்கிறவனுக்கு என்ன நியாயம்?" நல்ல கேள்வி. கை தட்டினார்கள்.

கவிதா எழும்பினாள். "சுகுமாரன் மாமன் வரிசைன்னு சொன்னாங்க. அப்பா பத்து வயசுல இருந்து வரிசையில நிக்காங்க. நான் வரிசையிலயே பிறந்தவளாக்கும். அந்த வரிசை எந்த ஆபீஸ் வாசல்ல போய் முடியுதுன்னு யாராவது காட்டித் தந்தா, நான் போய் அங்க நிக்கிறேன்." சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை. "பயம் காட்டினா ஆள் போக மாட்டான்னு நினைக்காங்க. எனக்குப் பயம் உண்டு. கடலைப் பாத்தாலே பயம் உண்டு. ஆனா நாலு வருசம் படிச்சேன். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஃபாரத்துல எந்த நாட்டுக் குடிமகள்னு ஒரு எடம் இருக்கு. அங்க வந்ததும் பேனா நிக்குது. போகாதேன்னு சொல்ல இத்தனை அரசு இருக்கு. இருக்கிறதுக்கு ஒரு காரணம் குடுத்துப் பாப்போம்னு யாருக்கும் தோணல்லியே?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவள் போக நினைக்கிறாளா என்று பக்கத்தில் இருந்த ரோஸ்மேரி அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். "ஓ, உண்டு" என்றார் அவரும் மெதுவாக. "ஒரு ஏஜென்ட் அந்தப் பிள்ளைகிட்ட பேசிக்கிட்டு இருக்கான். படகுதான். அதுக்காக்கும் யோகன் இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கினான். வீட்டுல சொன்னா கேக்கமாட்டேங்கா. ஊரு முன்னால சொன்னாலாவது கேப்பாளான்னு."

யோகனின் முறை வந்தது. சட்டைப் பையில் இருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். முகாம் அட்டையோடு மடித்து வைத்திருந்த ஒரு தாள். அதை விரித்தார்.

"நான் ஒருக்கா படகில போனவன். இஞ்ச கன பேருக்குத் தெரியும். போக முதல் இந்தக் காயிதம் எனக்குக் கிடைச்சது. ஆஸ்திரேலியா அரசாங்கம் தமிழில போட்டது. வாசிக்கிறன்." அவர் வாசித்தார். கடல் வழியே வருவோர் எவருக்கும் குடியுரிமை கிடையாது என்று தொடங்கி, கடைசி வரி: 'ஆகவே இப்பயணத்தை எத்தனிக்க வேண்டாம்.'

"எத்தனைன்னா? எத்தனை பேரு வேண்டாம்னு?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"எத்தனை இல்லை அண்ணே, எத்தனிக்க. முயற்சி செய்ய வேண்டாம் எண்டு அர்த்தம். இஞ்ச ஆரும் அந்தச் சொல்லை எழுத மாட்டினம். அது எங்கட சொல்லு." யோகன் தாளைத் தட்டினார். "இதை வாசிச்சதும் எனக்குப் பயம் வரேல்லை. இதை எழுதினது எங்கட ஆள், ஒரு யாழ்ப்பாணத்து ஆள், அங்க மேசை போட்டு இருந்து எழுதுது எண்டு விளங்கிச்சு. அந்த ஆள் போய்ச் சேர்ந்திருக்கு. நல்லாவும் இருக்கு. அப்ப நான் ஏன் போகேலாது? அடுத்த கிழமை நான் படகு ஏறினன்."

பிறகு அவர் படகைப் பற்றிச் சொன்னார். நாலாம் நாள் எஞ்சின் நின்றது. ஒரு மத்தியானம் தூரத்தில் கப்பல் ஒன்று தெரிந்தது. கூட வந்த சிநேகிதர் சிவநேசன் நன்றாக நீந்துவார். போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று குதித்தார். கப்பல் நிற்காமல் போனது. சிவநேசனின் தலை கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. இரண்டு நாளுக்குப் பிறகு மீன்பிடிப் படகொன்று இவர்களைக் கட்டி இழுத்துக் கரை சேர்த்தது. வழக்கு, சிறை, எல்லாம் நடந்தது.

"தடுப்பு பலன் தரும்" என்றார் யோகன். "இந்தக் காயிதம் தடுப்பு இல்லை. இது ஆக்களைக் கூப்பிடுகிற காயிதம். சிவநேசன் மாதிரிக் கடலில செத்த ஒராளின்ர படத்தைப் போட்டிருந்தா நான் போயிருக்க மாட்டன். படகுகள் குறைஞ்சது எண்டு அக்கா இப்ப சொன்னவா. அப்ப பலன் உண்டு. இன்னும் கடுமையாப் போடட்டும். பயப்படுத்தட்டும். ஒராள் நிண்டாலும் போதும்." அவர் சபையைப் பார்த்துப் பேசவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்துப் பேசினார்.

கை தட்டல் எழவில்லை. அந்தத் தாளை எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பக்கம். ஒரு பின்னேரத்தில் முடித்த வேலை. 'முயற்சிக்க வேண்டாம்' என்று முதலில் எழுதி, மிடுக்கு போதாது என்று அடித்துவிட்டு 'எத்தனிக்க' என்று மாற்றியது நன்றாக நினைவிருந்தது. அந்தச் சொல் கிடைத்ததில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

எழும்பினேன். "அதை எழுதினது நான்தான்" என்றேன்.

லதா நான் பேசியது தனக்குச் சரியாக விளங்கவில்லையோ என்று தேவதாசனைப் பார்த்தார். அவர் மலையாளத்தில் திரும்பச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். யோகன் தாளைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. கவிதாதான் கேட்டாள்.

"அன்ரி, நீங்க எப்படிப் போனீங்க?"

முப்பது வருடமாக நான் வேலை செய்யும் இடத்தில் ஒருவருக்கும் சொல்லாததை, பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு வாசகசாலையில் சொன்னேன். "வேற ஒருத்தியின்ர பாஸ்போட்டில. படம் மாத்தி ஒட்டி. பிளேனில போய் இறங்கி, அகதி எண்டு கையைத் தூக்கினன். விசாரிச்சு, இருக்க விட்டினம்."

"அப்ப இந்தக் காயிதம் உங்க கையில கிடைச்சிருந்தா?"

யோகன் என்னைப் பார்த்தார். அவருக்கு என்ன பதில் வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. பொய் சொல்லியிருக்கலாம். ஒரு பிள்ளையின் உயிர் அல்லவா? ஆனால் அந்தப் பிள்ளை கண் இமைக்காமல் நின்றாள்.

"போயிருப்பன்" என்றேன். "வீட்டில இருக்க ஏலாத நிலைமை. எந்தக் காயிதமும் என்னை நிப்பாட்டியிருக்காது. ஆனா எனக்குக் கிடைச்சது பிளேன். படகெண்டால் ஏறியிருப்பனோ எண்டு எனக்குத் தெரியாது. அதையும் சொல்ல வேணும்."

யோகன் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியாகத் தேவதாசன். புதுக் கருவியை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டு எழும்பினார். "நான் செக்போஸ்ட்டுல கம்பைத் தூக்கி, கம்பை இறக்கி வயசானவன். கம்பு இறங்கினா சும்மா வாறவன் நிப்பான். அது சத்தியம், சுகுமாரன் சொன்னதுல நேர் உண்டு. ஆனா ஸ்பிரிட்டு கொண்டு போறவன் நிக்கமாட்டான், ரப்பர் தோட்டம் வழியாப் போவான். பிரசவ வேதனையில ஒருத்தியக் கூட்டிட்டுப் போறவனும் நிக்கமாட்டான், கம்பை ஒடிச்சிட்டுப் போவான். நான் கண்டிருக்கேன். கம்புக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். பிரிச்சுப் பாக்க ஒரு மனுசன் வேணும்." அவர் கவிதா பக்கம் திரும்பினார். "என் மோளும் நர்ஸ். அவளை அந்த நாடு விசா குடுத்து, டிக்கெட் எடுத்து, வான்னு கூட்டிட்டுப் போச்சு. இவளும் நர்ஸ். அதே நாடு இவளுக்குக் காயிதம் போடுது, வராதேன்னு. ரெண்டு பிள்ளைகளுக்கும் ஊசி போடத் தெரியும். இதுக்கு மேல எனக்குப் பேச ஒண்ணும் இல்ல."

சீட்டுகளில் எழுதிப் பெட்டியில் போட்டார்கள். பலன் தராது என்ற பக்கம் வென்றதாக லதா அறிவித்தார். வித்தியாசம் குறைவு, திரும்ப எண்ண வேண்டும் என்று சுகுமாரன் எழும்பினார். திரும்ப எண்ணினார்கள். அதே முடிவு.

அதோடு எழுந்து போவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. "சம்வாதம் கழிஞ்சாச்சு" என்றார் தேவதாசன். "இனி காரியம் பேசுவோம். திங்கக்கிழமை இந்தப் பிள்ளைக்குப் போக ஒரு எடம் வேணும்." யாருடைய அனுமதியையும் கேட்காமல் கூட்டம் வேறொரு கூட்டமாக மாறியது. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைப் பார்க்கும் பஞ்சாயத்துப் பராமரிப்புக் குழுவோடு வீடு வீடாகப் போகலாம் என்றார் ஒருவர்; அது சம்பளமில்லாத வேலை, வேண்டாம் என்றார் இன்னொருவர். முகாம் அதிகாரிக்கு அனுமதிக் கடிதம் தமிழில் எழுத வேண்டுமா ஆங்கிலத்திலா என்று ஒரு சண்டை. இடையில் சுகுமாரன் போனோடு வெளியே போனார். அவருடைய மாமியார் இருக்கும் முதியோர் இல்லம் நெய்யாற்றின்கரையில் இருக்கிறது. அங்கே நர்ஸ் ஒருவர் போன மாதம் விலகிவிட்டாராம். திரும்பி வந்து, "திங்கள் காலை ஒன்பதரை. சர்டிஃபிக்கேட் எல்லாம் கொண்டு வரட்டும்" என்றார். மெல்பேணில் அகதிகள் பற்றி எத்தனையோ கூட்டங்களில் இருந்திருக்கிறேன். அருமையாகப் பேசுவார்கள், பிஸ்கட் சாப்பிடுவார்கள், கலைவார்கள். ஒரு விவாதம் முடிந்து இருபது நிமிடத்துக்குள் ஒரு ஆளுக்கு வேலை தேடியதை நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனோம். பாட்டுகள் தமிழில், அறிவிப்புகள் மலையாளத்தில். திரும்பும்போது மதிலுக்குப் பக்கத்தில் யோகன் நின்றார். வேலை நாள் இல்லை. என்னைப் பார்க்கத்தான் வந்திருந்தார்.

"மனசில வைக்காதையுங்கோ அக்கா."

"வைக்க வேண்டியது நீங்கள்தானே?" என்றேன்.

அவர் சற்று நேரம் காய்ந்த பெயிண்டை நகத்தால் சுரண்டினார். "இனி எப்பவாவது அப்படி ஒண்டு எழுத வந்தா, இந்தியத் தமிழில எழுதுங்கோ. எங்கட ஆள் எண்டு தெரியக் கூடாது." இனி எழுதுவேனா என்றுகூட அன்று எனக்குத் தெரியவில்லை. இன்னொருவர் எழுதினால் இன்னும் மோசமாக எழுதுவார் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். மோசமாக எழுதியிருந்தால் ஒருவேளை சிவநேசன் இருந்திருப்பார்.

திங்கள் காலை நாங்கள் மூன்று பேரும் நெய்யாற்றின்கரைக்கு பஸ்சில் போனோம். யோகன் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கவிதா ஃபைலை மடியில் வைத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். இல்லத்தின் மேட்ரன் பெரிய கண்ணாடி போட்ட அம்மா. ஃபாரத்தை நீட்டினார். கவிதா பெயர் எழுதினாள், படிப்பு எழுதினாள். பிறகு பேனா நின்றது. நான் யோகனைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

மேட்ரன் மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தே தலைகீழாக அந்த இடத்தை வாசித்தார். "அதைப் பிறகு எழுதலாம் மோளே" என்றார் மலையாளத்தில். "நாலாம் கட்டிலில் ஒரு அம்மச்சிக்குப் படுக்கைப் புண். பத்து மணிக்கு டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும். கை கழுவிவிட்டு வா, நீ எப்படிச் செய்கிறாய் என்று பார்க்கிறேன்."

இருவரும் உள்ளே போனார்கள். நாங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். அரை மணி ஆனது. யோகன் எழும்பி நடந்தார், உட்கார்ந்தார். எதிர்க்கடையில் சாயாவும் பழம்பொரியும் வாங்கி வந்து, தன்னுடையதைத் தின்ன மறந்து கையிலேயே வைத்திருந்தார். உள்ளே ஒரு கிழவி வலியில் திட்டுவது கேட்டது. பிறகு அதே கிழவி யாரையோ பெயர் கேட்பது கேட்டது. பன்னிரண்டு மணிவரை யாரும் வெளியே வரவில்லை.

வந்தபோது கவிதாவின் கைகளில் மருந்து வாசம். ஒரு மாதத்துக்குத் தற்காலிகமாக எடுத்திருக்கிறார்கள் என்றாள். சம்பளம் பெரிதாக இல்லை. முகாமில் இருந்து அனுமதி வாங்க வேண்டும். அதிகாரி தருவாரோ மாட்டாரோ. அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே யோகன் திரும்பி நின்று முகத்தைத் துடைத்தார். வெள்ளைச் சட்டையின் தோளில் எங்கேயோ உரசிய சுண்ணாம்பு.

எனக்கு அன்று சென்னைக்கு ரயில். புறப்படும் முன் அவளைத் தனியாக வாசல் வரை கூட்டிப்போய்க் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்காமல் போக முடியவில்லை.

"அந்த ஏஜென்டின்ர நம்பர்?"

"போனுல இருக்கு அன்ரி. அழிக்கல்ல." உள்ளே யாரோ மணி அடித்தார்கள். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, துப்பட்டாவை இழுத்து இடுப்பில் கட்டினாள். "ஆனா இந்த வாரம் எனக்கு டியூட்டி உண்டு."